வழியும் நீரைக் கேட்காமல் பசளை இடலாமா?

பசளையைப் பற்றி இந்நாட்டில் பேசப்பட்ட அளவுக்கு, அதனை அளப்பதைப் பற்றிப் பேசப்பட்டதில்லை. தேர்தல் மேடைகளில் பசளைக்கு இடமுண்டு. வரவு செலவுத் திட்ட உரைகளிலும் இடமுண்டு. முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகைத் தொழிலில் இருப்பவன் என்ற வகையில் பசளை மானியம், பசளைத் தட்டுப்பாடு, பசளைத் தடை ஆகிய மூன்றைப் பற்றியும் எண்ணற்ற செய்திகள் என் மேசையைக் கடந்து சென்றிருக்கின்றன. அவற்றுள் எதிலேனும் ‘மண்ணில் ஏற்கெனவே எவ்வளவு கிடக்கிறது?’ என்று எந்த அமைச்சரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. கேள்வி எளியது. அதற்கு விடை காணும் வழியும், குறைந்தது ஒரு பூச்சாடியைப் பொறுத்தவரை, எளியதுதான்.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக் காலத்தில் முற்றமுள்ளோரும் முற்றமில்லாதோரும் சாடிகளிலும் பழைய வாளிகளிலும் மிளகாய், கத்தரி, தக்காளி என்று நாட்டினார்கள். நெருக்கடி தணிந்த பின்னும் பல வீடுகளில் அந்தப் பழக்கம் நின்றுவிடவில்லை. மகிழ்ச்சிக்குரிய விடயம். ஆனால் அச்சாடிகளைச் சுற்றி ஒரு காட்சியை நான் அடிக்கடி காண்கிறேன். இலை மஞ்சளிக்கிறது. வீட்டுக்காரர் ஒரு பிடி யூரியா போடுகிறார். ஒரு கிழமையில் இலை நுனி கருகுகிறது. நோய் என்று எண்ணி மருந்து தெளிக்கிறார். இன்னொரு பிடி பசளையும் போடுகிறார். செடி போய்ச் சேருகிறது. ‘மண் சரியில்லை’ என்று தீர்ப்பு எழுதப்படுகிறது. மண்ணிடமோ நீரிடமோ எவரும் விசாரணை நடத்துவதில்லை.

அந்த விசாரணை எப்படி நடத்தப்படுகிறது என்பதைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். சாடிக்கு வழமைபோல் நன்றாக நீர் ஊற்றி ஒரு மணி நேரம் அப்படியே விடவேண்டும். பின்னர் சாடியை ஒரு தட்டின் மேல் உயர்த்தி வைத்து, மேற்பரப்பில் மெதுவாகச் சிறிது நீர் ஊற்ற வேண்டும். வேரைச் சுற்றி நின்ற நீரை இந்தப் புது நீர் கீழே தள்ளும். அடித்துளை வழியாக ஐம்பது மில்லி லீற்றர் அளவுக்குச் சேர்ந்தால் போதும். அந்த நீரில் இரண்டு பெறுமானங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று பீ.எச். எனப்படும் அமிலகாரத் தன்மை. மற்றது மின்கடத்துதிறன். நாற்றுமேடைக்காரர்கள் இம்முறையைப் பல பத்தாண்டுகளாகப் பின்பற்றி வருகிறார்கள். இதற்குச் செடியைப் பிடுங்கவும் வேண்டாம், வேரைக் கிளறவும் வேண்டாம்.

பீ.எச். அளவுகோலை 1909 ஆம் ஆண்டில் உருவாக்கியவர் டென்மார்க் நாட்டின் சோரன்சன் என்ற இரசாயனவியலாளர். அவர் பணியாற்றியது ஒரு பியர் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில். 1934 இல் அமெரிக்காவில் ஆர்னல்ட் பெக்மன் அமைத்த பீ.எச். மானி, எலுமிச்சஞ்சாற்றின் புளிப்பை அளப்பதற்காகவே முதலில் செய்யப்பட்டது. இன்று அது சட்டைப்பையில் அடங்கும் பேனாவாகச் சுருங்கிவிட்டது. இந்த அளவுகோலில் 7 நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒரு படி மாறினால் தன்மை பத்து மடங்கு மாறும் என்பதை மறந்துவிடக் கூடாது. 7 இலிருந்து 5 க்கு இறங்கிய நீர் நூறு மடங்கு அமிலத்தன்மை கொண்டது. மண் நிரப்பிய சாடியில் வளரும் பெரும்பாலான பயிர்களுக்கு 6 முதல் 7 வரையும், தும்புத்தூள் நிரப்பிய சாடிக்கு ஏறத்தாழ 5.5 முதல் 6.5 வரையும் உகந்தது.

இந்த எண்ணுக்கும் இலையின் நிறத்துக்கும் என்ன தொடர்பு? யாழ்ப்பாணக் கிணற்று நீர் சுண்ணக்கல்லின் ஊடாக வருவது. அதில் இருகாபனேற்று மிகுதி. அந்த நீரை நாள்தோறும் ஊற்ற ஊற்றச் சாடியின் பீ.எச். ஏறுகிறது. 7.5 ஐத் தாண்டினால் மண்ணில் இரும்பு இருந்தும் செடியால் அதை எடுக்க முடியாது. இளம் இலை மஞ்சளித்து, நரம்புகள் மாத்திரம் பச்சையாக நிற்கும். இரும்பு இல்லாத குறையன்று இது, பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் குறை. யூரியாவை அள்ளிப் போடுவதால் பெட்டி திறந்துவிடாது. கொழும்பில் குழாய் நீர் மென்னீர். அங்கே அதே செடிக்கு அதே பசளை வேறு விளைவைத் தரும். கொழும்பு உறவினர் தொலைபேசியில் சொல்லும் ஆலோசனை யாழ்ப்பாணத்துச் சாடியில் பலிக்காமற் போவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

மின்கடத்துதிறன் என்பது நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைக் காட்டுவது. பசளையும் நீரில் கரைந்தால் உப்புத்தான். ஊற்றும் நீரின் பெறுமானம் 1.2 மில்லிசீமன் என்று வைத்துக்கொள்வோம். வழியும் நீர் 3 என்று காட்டினால், சாடிக்குள் உப்பு சேர்ந்துகொண்டிருக்கிறது. அந்நிலையில் செடியின் வேர் நீரை உறிஞ்சவே சிரமப்படும். ஈரமான மண்ணில் நின்றபடியே செடி தாகத்தால் வாடும். வழியும் நீர் 0.6 என்று காட்டினால், கொடுத்ததைவிட அதிகம் கேட்கிறது செடி என்று பொருள். உள்ளே போவதையும் வெளியே வருவதையும் ஒப்பிடுகின்ற இந்தக் கணக்கு, வீட்டு வரவு செலவுக் கணக்கைவிடக் கடினமானதன்று.

இதற்கு எல்லைகளும் உண்டு. வழியும் நீர் வேர்ப்பகுதியின் நிலையை ஏறத்தாழக் காட்டுமே தவிர, துல்லியமாகக் காட்டாது. வெடித்துக் காய்ந்த மண்ணில் ஊற்றிய நீர் சாடியின் ஓரத்தால் நழுவி அப்படியே வெளியே வந்துவிடும். அதை அளப்பது குழாய் நீரை அளப்பதற்கு ஒப்பானது. மின்கடத்துதிறன் உப்பின் மொத்தத்தைச் சொல்லும். அதில் நைதரசன் எவ்வளவு, பொட்டாசியம் எவ்வளவு, கறியுப்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. பீ.எச். மானியை 4, 7 ஆகிய நியமக் கரைசல்களில் அடிக்கடி சரிபார்க்க வேண்டும். சரிபார்க்காத மானி, மானியே இல்லாததைவிட ஆபத்தானது. ஒரு நாளின் எண்ணை வைத்துத் துள்ளிக் குதிக்காமல், கிழமைக்கு ஒரு முறை ஒரே விதமாக அளந்து, எண் எந்தத் திசையில் நகர்கிறது என்று பார்ப்பதே அறிவுடைமை.

இவ்வளவு நுணுக்கமாக அளப்பவர்கள் யார் என்று கேட்டால் விடை சிலருக்குச் சிரிப்பைத் தரலாம். கனடாவில் 2018 ஒக்டோபர் 17 இல் நடைமுறைக்கு வந்த சட்டம், வீடொன்றுக்கு நான்கு கஞ்சாச் செடிகள் வரை வளர்க்க இடமளித்தது. சில மாகாணங்கள் அதையும் மறுத்தன. இடமளிக்கப்பட்டவர்களுள் பலர் அந்த நான்கு சாடிகளின் அடியில் வழியும் நீரை, மருத்துவர் நாடி பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். நான்குக்கு மேல் நட முடியாது. ஆகவே ஒன்றையும் இழக்க அவர்களுக்கு விருப்பமில்லை. இலங்கையில் அனுமதியின்றிக் கஞ்சா வளர்ப்பது குற்றம். அச்சட்டத்தை மாற்றுமாறு கேட்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரு பொழுதுபோக்குத் தோட்டக்காரர் நான்கு செடிகளுக்காகக் காட்டும் கவனத்தை, நகையை அடகு வைத்து வெங்காயம் நட்ட ஒருவருக்கு இந்த நாடு பெற்றுக்கொடுக்கவில்லை என்பதே என் ஆதங்கம்.

இதில் இன்னொரு முரணும் இருக்கிறது. மண்ணில்லாச் செய்கைக்கு உலகெங்கும் வாங்கப்படும் தும்புத்தூளை ஏற்றுமதி செய்யும் முக்கிய நாடுகளுள் இலங்கையும் ஒன்று. தென்னந்தும்பில் இயல்பாகவே பொட்டாசியமும் சோடியமும் குளோரைட்டும் மிகுதி. ஆகவே ஏற்றுமதிக்கு முன் அதைக் கழுவி, அதிலிருந்து வடியும் நீரின் மின்கடத்துதிறனை அளந்து, தரம் பிரித்து அனுப்புகிறார்கள். வாங்குபவர் அந்த எண்ணைப் பார்த்துத்தான் பணம் கொடுக்கிறார். நெதர்லாந்தின் கண்ணாடிக் கூடங்களில் செடியின் அடியில் வடியும் நீர் சேகரிக்கப்பட்டு, அளக்கப்பட்டு, மீண்டும் பாய்ச்சப்படுகிறது. வெளியே விடக்கூடிய நைதரசனின் அளவு அங்கே சட்டத்தால் மட்டுப்படுத்தப்பட்டுள்ளது. ஆக, எங்கள் தென்னந்தும்பு பிறநாட்டுச் செடிக்குப் போகும்போது அளக்கப்படுகிறது. எங்கள் செடிக்கு வரும்போது கைப்பிடி கணக்குத்தான்.

சாடியில் உப்பு மிஞ்சினால் என்ன செய்வது? சாடியின் கொள்ளளவைப் போல இரு மடங்கு நல்ல நீரை ஊற்றிக் கழுவிவிட வேண்டும் என்பார்கள். செடி பிழைத்துக்கொள்ளும். கழுவிய நீர் எங்கே போகிறது? சாடியாயின் வடிகாலுக்குப் போகிறது. யாழ்ப்பாணத்துத் தோட்டமாயின் கிணற்றுக்குப் போகிறது.

குடாநாட்டை ஒரு பெரிய சாடியாக நினைத்துப் பார்க்கலாம். மேலே சில அடி செம்மண். கீழே துளைகளும் வெடிப்புகளும் நிறைந்த சுண்ணக்கல். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறும் மழைக்காலத்தில் மாத்திரம் ஓடுவது. குடிக்கவும் குளிக்கவும் பயிருக்கும் நிலத்தடி நீர்தான் கதி. ஐப்பசி, கார்த்திகை மழை மண்ணைக் கழுவும்போது, பயிர் எடுக்காமல் விட்ட நைதரசன் நைத்திரேற்றாக மாறி அந்தச் சுண்ணக்கல்லுக்குள் இறங்குகிறது. மலசலகூடக் குழிகளிலிருந்து இறங்குவதும் அதனோடு சேர்கிறது. பிறகு நாங்கள் வாளி விட்டோ, மோட்டார் போட்டோ அதையே அள்ளுகிறோம். எங்கள் கிணறு என்பது எங்கள் சாடியின் அடியில் வைத்த தட்டு. அந்தத் தட்டிலிருந்துதான் குழந்தைக்குப் பால்மா கரைக்கிறோம்.

இது என் கற்பனையன்று. வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை எண்பதுகளிலிருந்தே ஆய்வாளர்கள் எழுதி வந்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்த எல்லை லீற்றருக்கு 50 மில்லி கிராம் நைத்திரேற்று. செறிவாக வெங்காயமும் மிளகாயும் உருளைக்கிழங்கும் செய்கைபண்ணப்படும் இடங்களில் அந்த எல்லையைத் தாண்டிய கிணறுகள் திரும்பத் திரும்பப் பதிவாகியுள்ளன. எல்லை மீறிய நீரில் பால் கரைத்துக் கொடுத்தால், சில மாதக் குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாரிக்கும் ஆபத்து உண்டு. தாய்மார் கவனிக்க வேண்டிய ஒன்று: கொதிக்க வைப்பதால் நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாகிக் குறைவதால் அதன் செறிவு கூடவே செய்யும்.

2015 ஆம் ஆண்டளவில் சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் பலருக்கு நினைவிருக்கும். மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். பத்திரிகைகள் தலைப்புச் செய்தியாக்கின. 2019 இல் உயர் நீதிமன்றம் வரை சென்று தீர்ப்பும் வந்தது. நியாயமான கோபம் அது. ஆனால் எண்ணெய்க்கு மணமும் நிறமும் உண்டு. நைத்திரேற்றுக்கு இரண்டும் இல்லை. சவர்த் தண்ணீரை நாக்கு கண்டுபிடித்துவிடும். நைத்திரேற்றை நாக்கு கண்டுபிடிக்காது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்காக ஊர்வலம் போக ஆளில்லை. அதனால்தான் அளவீடு வேண்டும் என்கிறேன். அளவீடு இல்லாத இடத்தில் கோபம்கூடப் பிறப்பதில்லை.

வலிகாமத்தில் ஒரு தோட்டத்து வரம்பில் நின்று இதைப் பற்றிப் பேசியபோது, என்னைவிட இருபது வயது மூத்த ஒருவர் சொன்னதை இங்கே பதிவு செய்ய வேண்டும்.

“தம்பி, ஒரு காலத்திலை ஒரு கிலோ யூரியாவுக்கு நாங்கள் எவ்வளவு அலைஞ்சனாங்கள் எண்டு உங்களுக்குத் தெரியாதே? இப்ப கிடைக்குது. கிடைக்கேக்கை போடாமல் விடச் சொல்லுறியளோ?”

“விடச் சொல்லேல்லை அண்ணை. எவ்வளவு வேணும் எண்டு பாத்துப் போடலாமே எண்டுதான் கேக்கிறன்” என்றேன்.

“ஆர் பாத்துச் சொல்லுறது?” என்றார் அவர்.

அவருடைய முதற் கேள்வியில் ஒரு வரலாறு இருக்கிறது. தொண்ணூறுகளில் வடக்கின் மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் பசளையும் அடங்கியிருந்தது. கிடைக்காத காலத்தைக் கண்டவன் கிடைக்கும் காலத்தில் ஒரு பிடி கூடுதலாகப் போடுவான். அது பேராசை என்று கொழும்பிலிருந்து எழுதுவது சுலபம். அது பயம் என்றே நான் விளங்கிக்கொள்கிறேன். பிடி குறைந்து விளைச்சலும் குறைந்தால் நட்டம் அவருக்கு. பிடி கூடிக் கிணறு கெட்டால் நட்டம் ஊருக்கு. அச்சமுள்ள மனிதன் எதைத் தெரிவுசெய்வான் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இரண்டாவது கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது. ஆர் பார்த்துச் சொல்வது?

அரசு சொன்னதா என்று பார்ப்போம். இந்நாட்டில் பசளை மானியம் 1962 இல் தொடங்கியது. 2005 இல் நெற்செய்கையாளருக்கு ஐம்பது கிலோ மூடை 350 ரூபாவுக்கு வழங்கப்பட்டது. அவ்வளவு மலிவான ஒன்றை அளந்து போட வேண்டும் என்ற எண்ணம் எவருக்கும் வராது. பின்னர் 2021 மே மாதத்தில் ஒரே வர்த்தமானி அறிவித்தலில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நாடு முழுவதும் ஒரே இரவில் சேதனச் செய்கைக்கு மாறவேண்டும் என்றார்கள். நெல்லும் தேயிலையும் அடிவாங்கின. அதே ஆண்டு நவம்பரில் தடை கைவிடப்பட்டது. கொடுத்தபோதும் அளக்கவில்லை, நிறுத்தியபோதும் அளக்கவில்லை. நைதரசன் மிஞ்சிய தோட்டத்துக்கும், நைதரசன் போதாத வயலுக்கும் ஒரே கட்டளை பிறப்பிக்கப்பட்டது. மஞ்சளித்த செடிக்கு ஒரு பிடி போடுபவருக்கும், கருகிய செடிக்கு முற்றாக நிறுத்துபவருக்கும் இடையில் என்ன வேறுபாடு? இருவரும் தட்டில் வழிந்த நீரைப் பார்க்காதவர்கள்.

சேதனப் பசளை போட்டால் இந்தச் சிக்கல் இல்லை என்று நம்புவோரும் உளர். கோழி எருவிலும் நைதரசன் உண்டு. அதுவும் அளவு மிஞ்சினால் நைத்திரேற்றாகி அதே கிணற்றுக்குத்தான் இறங்கும். கிணறு சேதனம், அசேதனம் என்று சாதி பார்ப்பதில்லை.

என்ன செய்யலாம்? பெரிய திட்டங்களைப் பற்றி எனக்கு நம்பிக்கை குறைவு. ஆகவே சிறியனவற்றைச் சொல்கிறேன். ஒவ்வொரு கமநல சேவை நிலையத்திலும் ஒரு பீ.எச். மானி, ஒரு மின்கடத்துதிறன் மானி, நைத்திரேற்றைக் காட்டும் சோதனைத் தாள்கள், அவற்றைச் சரிவரப் பயன்படுத்தத் தெரிந்த ஓர் ஆள். இவ்வளவும் பசளைக்குச் செலவிடும் பணத்தோடு ஒப்பிட்டால் ஒரு மூடையின் வாயில் ஒட்டிய தூள். மண் பரிசோதனைக்கு விவசாயத் திணைக்களத்திடம் வசதி இருக்கிறது. மண்ணைக் கொண்டு அலைய வேண்டிய பொறுப்பு விவசாயியின் தலையில் இருக்கும் வரை அது ஏட்டில்தான் இருக்கும். மானி தோட்டத்துக்கு வரவேண்டும். பசளை மானியம் கொடுக்கும் அரசு, அந்த மானியத்தோடு ஒரு மண் பரிசோதனை அறிக்கையையும் இணைத்துக் கொடுத்தால் என்ன?

இரண்டாவது, கிணற்று நீர் முடிவுகள் மறைக்கப்படாமல் வாசிகசாலைச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். போகத்துக்கு ஒரு முறை, மழைக்கு முன்னும் பின்னும். எவருடைய கிணறு என்று பெயர் போட்டு வெட்கப்படுத்த வேண்டியதில்லை. வட்டாரத்தின் எண் தெரிந்தாற் போதும். மூன்றாவது, பாடசாலைத் தோட்டங்களில் இதைத் தொடங்கலாம். சாடியின் அடியில் வழியும் நீரை அளந்து கொப்பியில் எழுதும் பிள்ளை, வீட்டுக்குப் போய்த் தகப்பனிடம் கேட்கும் கேள்வி, எந்த அதிகாரியின் சுற்றறிக்கையைவிடவும் வலிமையானது.

இதனால் விளைச்சல் விழுந்துவிடாதா என்று அஞ்சுவோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். அளப்பது என்பது குறைப்பது என்று பொருளாகாது. அளந்து பார்த்ததில் செடிக்குப் போதவில்லை என்று தெரிந்தால் கூட்டிப் போடலாம், தயக்கமின்றி. போதும் என்று தெரிந்தால் மூடையைக் கட்டி வைக்கலாம், அந்தப் பணம் கையில் மிஞ்சும். பீ.எச். தான் குற்றவாளி என்று தெரிந்தால் பசளையைத் தொடவே தேவையில்லை. இந்த மூன்றில் எது உண்மை என்று தெரியாமல் கடனில் வாங்கிய மூடையை அவிழ்ப்பதுதான் நட்டம்.

அந்த முதியவரின் கேள்விக்கு இன்றுவரை எவரும் விடை சொல்லவில்லை. அமைச்சுகள் பெயர் மாறின, அமைச்சர்கள் மாறினார்கள், மூடையின் விலை ஏறி இறங்கியது. அடுத்த மழையில் மண் மீண்டும் கழுவப்படும். கழுவிய நீர் கிணற்றுக்கு வரும். அதை அளந்துவிட்டுக் குடிக்கப் போகிறோமா, குடித்துவிட்டு அளக்கப் போகிறோமா என்பதை இப்பொழுதே தீர்மானிப்பது நல்லது.